ஊசி மேல் போட்ட பழி

சிங்கப்பூரில் கர்ப்பிணிகளுக்கு ரயில் நிலையத்தில் ஒரு ஸ்டிக்கர் தருகிறார்கள். உட்கார இடம் தருவீர்களா என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். சட்டையில் ஒட்டிக்கொண்டால் போதும், வாய் திறந்து யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஈசூன் நிலையத்தில் அதை வாங்கிய நான் சில நாட்கள் கைப்பையிலேயே வைத்திருந்தேன். மூன்று மாதம் முடியும்வரை பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்று அறந்தாங்கியிலிருந்து அம்மா சொல்லியிருந்தார். இங்கே நெஞ்சில் ஒட்டிக்கொண்டு ஊரறியப் போகச் சொல்கிறார்கள். ஒரு காலை குமட்டல் தாங்காமல் ஒட்டிக்கொண்டேன். சீன இளைஞன் ஒருவன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே எழுந்து இடம் விட்டான். ஊர்ப் பேருந்தில் என்றால் எத்தனை மாசம், தலைப்பிள்ளையா, மசக்கை அதிகமா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்ன பிறகுதான் அந்த இடம் கிடைத்திருக்கும். இரண்டில் எது தேவலை என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அன்றைக்கு உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

நான் மாலதி. ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கணக்கு வேலை. கணவர் சரவணன் லிஃப்ட் பழுதுபார்க்கிறார். இந்த ஊரில் எங்கள் இருப்பு 'பாஸ்' என்னும் வேலை அனுமதியைப் பொறுத்தது. அது புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். குழந்தை தாமதமாகத்தான் வந்தது. முப்பத்தாறு வயதில் முதல் கர்ப்பம் என்றதும் இந்தியர் கடைகள் நிறைந்த தேக்காவில் நாங்கள் பார்த்த டாக்டர் ஒரு ரத்தப் பரிசோதனையைப் பற்றிச் சொன்னார். அவர் சீனப் பெண்மணி, மென்மையாகப் பேசுபவர். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க வாய்ப்புண்டா என்று என் ரத்தத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாமாம். கட்டாயமில்லை, ஆனால் இந்த வயதில் பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள் என்றார். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். என் தம்பிக்கு உண்டு என்றேன்.

அவர் முகம் மாறியது. "ஐ ஆம் சோ சாரி" என்றார். என் தம்பி செத்துப்போய்விட்டான் என்று நினைத்துவிட்டாரோ என்று எனக்குப் பட்டது. இல்லை டாக்டர், உயிரோடுதான் இருக்கிறான், நேற்றுகூடப் பேசினான் என்று அவசரமாக என் ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்கு இன்னும் சங்கடமாகிவிட்டது. கணினித் திரையைப் பார்த்தபடி, இது பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை, கரு உருவாகும்போதே தற்செயலாக நேர்வது, யார் செய்த தவறும் இல்லை என்று விளக்கினார். அந்த விளக்கத்தை நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். அது என் வீட்டில் என்ன செய்யப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

வெளியே தாதி ஜமீலா இருந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம் பெண். என் தயக்கத்தைப் பார்த்து, எல்லாரும் எடுக்கிறாங்க லா, எடுத்துட்டா பீஸ் ஆஃப் மைண்ட் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரிசல்ட் வேற மாதிரி வந்தா கீப் பண்றதா வேணாமான்னு வீட்டுல பேசி வச்சுக்குங்கக்கா." அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். இந்த ஊரில் அது ஒரு சாதாரணக் கேள்வி. கீப் என்பது மீந்த சாப்பாட்டுக்கும் பழைய நாற்காலிக்கும் புழங்கும் அதே சொல். ரயிலில் வீடு திரும்பும் வழியெல்லாம் முரளியின் முகத்தோடு அந்தச் சொல்லைப் பொருத்திப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

முரளி பிறந்தபோது எனக்கு எட்டு வயது. அவனுடைய கண்ணும் நாக்கும் மற்றக் குழந்தைகளைப் போல இல்லை என்று முதலில் சொன்னவர் அப்பாவின் அக்கா. காரணத்தையும் அவரே கண்டுபிடித்தார். கர்ப்பமாக இருந்தபோது சுகாதார நிலையத்து நர்ஸம்மா அம்மாவுக்கு ரணஜன்னி வராமலிருக்க டி.டி. ஊசி போட்டிருந்தார். அந்த ஊசிதான் பிள்ளையைக் கெடுத்துவிட்டது என்று அத்தை சொன்னார், தெரு முழுவதும் ஒப்புக்கொண்டது, அம்மாவும் நம்பினார். அதில் அம்மாவுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது என்பது வளர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஊசி இல்லையென்றால் பழி அம்மா பிறந்த வீட்டு ரத்தத்தின் மேல் வந்திருக்கும். அதற்குப் பிறகு முரளியின் மேல் எந்த ஊசியும் படவில்லை. மணல்வாரி அம்மைக்குத் தடுப்பூசி போட நர்ஸம்மா வீடு தேடி வந்து வாசலில் நின்று கெஞ்சினார். அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான்கு வயதில் அவனுக்கு மணல்வாரி வந்தது. காய்ச்சல் தணிந்தும் காதில் சீழ் நிற்கவில்லை. அது நின்றபோது, பின்னாலிருந்து கூப்பிட்டால் அவன் திரும்புவதும் நின்றுவிட்டிருந்தது. அப்போதிருந்து முரளி எல்லாவற்றையும் கத்தித்தான் பேசுகிறான்.

அன்று மாலை சரவணன் பரிசோதனை எடுத்துவிடுவோம் என்றார். வேலைக் களைப்போடு தட்டைத் தள்ளிவைத்துவிட்டு நிதானமாகத்தான் பேசினார். "முரளிக்கு நீ இருக்க. உங்க அம்மா அப்பா இருக்காங்க. அறந்தாங்கில அவனத் தெரியாத ஆளில்ல. இங்க நம்மளுக்கு யாரு இருக்கா? நாளைக்கே பாஸ் இல்லன்னா மூட்டையக் கட்டணும். நான் அவனக் கொற சொல்லல மாலதி, எனக்குப் பயமா இருக்கு." எனக்கும் பயமாகத்தான் இருந்தது. முப்பது வயதை நெருங்கும் மகனுக்குத் தினமும் சட்டைப் பொத்தான் போட்டுவிடும் அம்மாவின் தோள்களை நான் பார்த்திருக்கிறேன். முரளி இல்லாத வீட்டையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்து யோசிக்க எனக்குத் தெம்பில்லை. ரத்தம் கொடுத்தேன்.

முடிவு வந்த நாளில் ஜமீலா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, லோ ரிஸ்க், அபாயம் குறைவு என்றார். காபி போடும் மூலையில் நின்று அழுதேன். நிம்மதியில் அழுத அழுகைதான், அதை மறைக்க ஒன்றுமில்லை. மாலையில் வீடியோ அழைப்பில் முரளி வந்தான். அப்பா வாங்கித் தந்த கோடு போட்ட சட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். எனக்கு வராமல் போன அபாயம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு சிரித்தது. அம்மையைத் தடுப்பது எனக்குப் புரிகிறது. இந்தப் பரிசோதனையை எதைத் தடுக்க வைத்திருக்கிறார்கள்? முடிவு வேறாக இருந்தால் என்ன செய்திருப்போம் என்று நானும் சரவணனும் இதுவரை பேசிக்கொண்டதில்லை.

ஏழாம் மாதத்தில் டாக்டர் கக்குவான் இருமல் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொன்னார். தாய்க்குப் போட்டால் பிறக்கும் குழந்தைக்கு முதல் மாதங்களில் அது காவல் என்றார். இதை நான் அம்மாவிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம். வழக்கமான ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் வாய் தவறி வந்துவிட்டது.

"வேணாத்தா," என்றார் அம்மா. "மாசமா இருக்கையில ஊசி போட்டு நான் பட்டது போதும். நீயும் படணுமா?"

டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. இத்தனை வருடப் பாரத்தை ஒரே பேச்சில் இறக்கிவைத்துவிடலாம் என்று நினைத்தேன். "அம்மா, முரளி அப்படிப் பொறந்ததுக்கும் ஊசிக்கும் சம்பந்தமே இல்லம்மா. கரு உண்டானப்பவே அவன் அப்படித்தான். நீங்க ஊசி போட்டுக்கிட்டது அதுக்கப்புறம்தான்."

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்து ஓய்ந்தது. நெசமாவா என்று கேட்டார். நெசந்தான், இங்க டாக்டரே சொன்னாங்க, உங்க தப்பு எதுவும் இல்ல என்றேன். அம்மா பெருமூச்சு விடுவார், ஒருவேளை அழுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப மணல்வாரிக்கு அந்த நர்ஸம்மா வந்து நின்னப்ப, நான் போட விட்டுருக்கலாம்," என்றார்.

அடுப்பைப் பார்க்கணும் என்று வைத்துவிட்டார். ஒரு பழியை எடுத்துவிட்டேன் என்று நினைத்த நான், அதனடியில் இருந்த இன்னொன்றைத் திறந்து அவர் கையில் கொடுத்திருந்தேன். முரளி பிறந்த விதத்துக்கு யாரும் காரணமில்லை. அவன் காதுக்குக் காரணம் உண்டு. இருபத்தைந்து வருடங்களாக அம்மா சாத்திய கதவுக்கு ஊசி பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லை. மறுநாள் நானே கூப்பிட்டு, அந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் காது மந்தமாவது பொதுவாகவே உண்டாம், அம்மையால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம் என்றேன். அது பொய்யில்லை, டாக்டரிடம் கேட்டுத்தான் சொன்னேன். "சமாதானம் சொல்லாதத்தா" என்று அம்மா நிறுத்திவிட்டார். அதன்பின் சில வாரங்களுக்கு அப்பாதான் தொலைபேசியை எடுத்தார். அம்மா குளிக்கிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள், படுத்திருக்கிறாள் என்பார்.

ஊசியைத் தனியாகப் போய்ப் போட்டுக்கொண்டேன். ஜமீலாதான் போட்டார். பயமா அக்கா என்று கேட்டார். இல்லை என்றேன். கிளினிக்கை விட்டு இறங்கினால் தேக்கா அதன்பாட்டுக்கு இருந்தது. பூக்கடையில் பேரம், சந்தையிலிருந்து மீன் வாடை, எதிர்சாரியில் ஊருக்குப் பணம் அனுப்ப நிற்கும் தொழிலாளிகள் வரிசை. யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும்போல இருந்தது. எங்கே ஆரம்பித்துச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு வாழைப்பழம் வாங்கித் தின்றுவிட்டு ரயிலேறினேன். அந்த வார இறுதியில் தொலைபேசியை அம்மா எடுத்தார்.

"ஊசி போட்டுட்டியா?"

"போட்டுட்டேம்மா."

"கை வலிக்குதா?" என்றார். வலிக்கிறது என்றேன். ஒத்தடம் கொடுக்கச் சொன்னார்.

பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கு அம்மா வரவில்லை. முரளியை விட்டுவிட்டு வர முடியாது, அவனைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறவும் அவருக்குத் துணிவில்லை. ஆனால் பேசும்போதெல்லாம் பால் குடிக்கிறாளா என்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டார். மணல்வாரி ஊசி எப்ப? ஒரு வயதில்தான் போடுவார்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வாரம் மறுபடி கேட்பார். எனக்குச் சலிப்பாக வரும். சலித்துக்கொள்ளும் உரிமை எனக்கில்லை என்று பட்டு, மறுபடியும் சொல்வேன்.

சென்ற மாதம் அந்த ஊசியும் போட்டாயிற்று. மாலை வீடியோவில் அம்மா குழந்தையின் தொடையைக் காட்டச் சொன்னார். பஞ்சு ஒட்டியிருந்த இடத்தைத் திரையருகே கண்ணைக் கொண்டுவந்து வெகுநேரம் பார்த்தார். நல்லது என்று மட்டும் சொன்னார். அதற்குள் முரளி தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டு, பாப்பா, பாப்பா, மாமா பாரு என்று கத்த ஆரம்பித்தான். முன்பொரு முறை அவன் இப்படிக் கத்தியபோது பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி கதவைத் தட்டி, தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டிருந்தார். அது என் தம்பி என்று நான் சொல்லவில்லை. சாரி ஆன்ட்டி என்று சொல்லிவிட்டேன். இப்போது குழந்தை அந்தக் குரல் வந்த பக்கம் சட்டென்று தலையைத் திருப்பிக் கையை நீட்டியது. அவன் இன்னும் உரக்கக் கத்தினான். தாழ்வாரத்தில் யாரோ நடந்துபோகும் செருப்புச் சத்தம் கேட்டது. ஒலியைக் குறைக்கும் பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்தபடி, அழுத்தாமலும் எடுக்காமலும் நின்றுகொண்டிருந்தேன்.