மூன்று அரைச்சுருதி

லதீஃபா மாமி பாடும் அந்தக் கிளப் பாட்டு இ மைனரில் அமைந்தது. நிமிடத்துக்கு நூற்று இருபத்தெட்டுத் தட்டு. முதலில் போங்கோ மட்டும் வரும். பிறகு அக்கார்டியன். அதன்மேல் சாக்ஸபோன் வழுக்கிக்கொண்டு இறங்கும். பல்லவி கீழ்ச்சுரங்களிலேயே, கிட்டத்தட்டப் பேச்சுபோல நடக்கும். மூன்றாம் வரியில் ஒரு பெருமூச்சு. அது முடிந்த கணத்தில் குரல் ஒரே தாவலில் மேல் பஞ்சமத்துக்குப் போய் நிற்க வேண்டும்.

ஏதோ பழைய படத்தில் மதுக்கூடக் காட்சிக்குப் போட்ட பாட்டு. மட்டாஞ்சேரிக் கல்யாண வீடுகளில் நடக்கும் மெஹ்ஃபில் கச்சேரிகளில் முப்பது வருடமாக அதை மாமிதான் பாடுகிறார். முக்காடு நழுவாது, உட்கார்ந்த இடம் அசையாது. கூட்டம் மட்டும் விசிலடிக்கும். கீபோர்டு வாசிப்பவர் அவர் கணவர் சைபுதீன் மாமா. பகலில் சுக்குக் கிடங்கில் எடை போடுகிறவர்.

மூன்று வருடம் முன்பு மாமியின் குரல்நாணிலிருந்து ஒரு சிறு கட்டியை எடுத்தார்கள். அதிலிருந்து வெள்ளிதோறும் பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் வீட்டில் இந்தப் பாட்டை ஒரு தடவை பாடுவார். மேல்சுரம் வந்துவிட்டால் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுச் சாயா போடப் போவார். மாமா அதைச் சாதகம் என்று நினைத்தார்.

நான் நாலு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்திருந்தேன். வீட்டில் கால் தரிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டையாவது பதிவு செய்யலாமென்று ஒரு வெள்ளிக்கிழமை போய், சுருதியும் வேகமும் காட்டும் செயலியைப் போனில் திறந்து வைத்தேன். மாமி பாடினார். மேல்சுரம் வந்தது. ஆனால் ஓரத்தில் மணல் உரசுவதுபோல ஒரு கரகரப்பு.

"மாமா, இ மைனர்னு சொன்னீங்களே? இது ஸி ஷார்ப் காட்டுது. டெம்போவும் நூத்திப் பன்னெண்டுதான் இருக்கு."

"உன் போன் கேடாயிருக்கும், மோளே. ஊர் ஊரா வெயில்ல கொண்டுபோனதில்லையா?" மாமா சிரித்தார். அவருடைய இடக்கை கீபோர்டின் சின்னத் திரையை மூடியிருந்தது.

மாமி அந்தக் கையையே பார்த்தார். "இக்கா, கையெடுங்க."

திரையில் மைனஸ் மூன்று. மாமாவின் விரல்கள் இ மைனரில்தான் ஓடின. டிரான்ஸ்போஸ் பொத்தான் மொத்தப் பாட்டையும் மூன்று அரைச்சுருதி கீழே இறக்கியிருந்தது. வேகத்தையும் மாமா குறைத்து வைத்திருந்தார். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதால் மாமியின் காதுக்குப் பிடிபடவில்லை.

"நீ கஷ்டப்படறது காண வய்யா, பாத்துட்டிருக்க முடியல, லதீ. அந்தச் சுரம் வந்தா உன் முகம் தெளியும். அதான்..."

"பழையபடி பூஜ்யத்துல வைங்க."

"முதல்ல சாயா குடிச்சிட்டு..."

"வைங்கன்னு சொன்னேன்."

மாமா பொத்தானை அழுத்தினார். கீபோர்டில் போங்கோ தொடங்கியது. மூன்றாம் வரியில் மாமி பெருமூச்சு விட்டார். பிறகு வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. காற்று மட்டும் வந்தது. இரண்டாம் தடவை அதுவும் பாதியில் நின்றது.

மாமி கட்டிலில் உட்கார்ந்தார். "ஆபரேஷன் கழிஞ்சு நீங்க மருந்து வாங்கப் போனப்ப டாக்டர் எங்கிட்டச் சொன்னாங்க. மேல்சுரம் வராம ஆயிட்டா கட்டி திரும்ப வந்திருக்கலாம், ஒரு வாரம்கூடத் தள்ளாதே, அப்பவே வந்துடுன்னு. நீங்க பயந்துடுவீங்கன்னு நான் சொல்லலை. வாராவாரம் எதுக்குப் பாடறேன்னு நெனச்சீங்க?"

மாமா பொத்தானின் மேலிருந்து விரலை எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் மூன்று பேரும் எறணாகுளத்துக்குப் போனோம். டாக்டர் மாமியின் தொண்டைக்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். குரல் எப்போதிலிருந்து இறங்குகிறது என்று மலையாளத்தில் கேட்டார். அந்தக் கணக்கு மாமிக்குத் தெரியவில்லை.

மாமாவுக்குத் தெரிந்திருந்தது. "முதல் அரைச்சுருதி போன பக்ரீத் கழிஞ்சு. ரெண்டாவது, நவம்பர்ல, பள்ளுருத்திக் கல்யாணத்துக்கு மொதநா. மூணாவது ஜனவரியில." நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்துச் சொன்னார்: "இன்னொண்ணு இறக்கணும்னு போன வாரம் நெனச்சேன்."

ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்த டாக்டர், மூன்றாவதோடு பேனாவை மூடினார். வெளியே காத்திருந்த மற்ற நோயாளிகளை அப்படியே இருக்கச் சொல்லிவிட்டு, ஸ்கேன் அறைக்குத் தானே போன் செய்தார்.