குணசேகரனுக்கு உடம்பு தேறிவிட்டது

கள்ளிக்குப்பத்தில் எங்கள் சபையார் யாருக்கும் வயல் கிடையாது. ஆனாலும் வருஷம் தவறாமல் அறுப்பின் பண்டிகை கொண்டாடுகிறோம். கடையில் வாங்கிய பூசணிக்காயையும் கரும்பையும் ஆலயத்தில் கொண்டுவந்து வைத்து, எங்கள் கைப்பிரயாசத்தை ஆசீர்வதியும் என்று கண்ணை மூடிக் கேட்கிறோம். அக்கம்பக்கத்து இந்துக்களும் கறி சாப்பிட வரவேண்டும் என்பதால், புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறில்தான் பண்டிகை. அன்றைக்கு அண்டா நிறையப் பிரியாணி. அண்டாவுக்குப் பொறுப்பு குணசேகரன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, மகள் பெங்களூரில். அவருக்குப் பாட வராது. பிரசங்கத்தில் தூங்கிவிடுவார். ஜெபிக்கச் சொன்னால் வியர்த்துக் கொட்டும். அண்டா பக்கத்தில் நின்றால் மட்டும் ஆளே வேறு. ஆயர் கிட்டே வந்தாலும், "தள்ளி நில்லுங்க ஐயா, தம் போட்டுக்கீறேன்" என்பார். ஆயரும் தள்ளி நிற்பார். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் சபையில் அவர் பேச்சு எடுபடும். அதற்காகத்தான் மற்ற ஞாயிறுகளிலும் வந்து தூங்கினார் என்று நினைக்கிறேன்.

இந்த ஆகஸ்டில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். உடனே எங்கள் 'அன்பின் கரங்கள்' குழு கிளம்பியது. குழுவுக்குத் தலைவி ஜெயப்பிரியா. நாகர்கோவில்காரி, ஐ.டி. கம்பெனியில் பெரிய பொறுப்பு, ஃப்ளாட்டில் குடியிருப்பு. தங்கமான பெண். அதுதான் பிரச்சினையே.

எங்கள் சபையில் நோயாளி கிடைப்பது சுலபமில்லை. பாதிப் பேர் ஃப்ளாட்டில் இருக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் வெளியே சொல்ல மாட்டார்கள். தெரிந்து பார்க்கப் போனாலும் செக்யூரிட்டி கேட்டிலேயே மறித்துவிடுவான். குணசேகரன் வீடு தெருவைப் பார்த்தது, கதவு திறந்தே கிடக்கும். எல்லாக் கரங்களும் அவர்மேலேயே விழுந்தன.

தினம் ஒரு வீட்டிலிருந்து உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத சூப், அவித்த சுரைக்காய். சாயங்காலம் ஒரு கூட்டம் வந்து பாடும், பாரத்தோடு ஜெபிக்கும், படம் எடுத்து வாட்ஸப்பில் போடும். படத்தில் அவர் சிரித்துவிட்டால், "இன்னொண்ணு எடுத்துக்கலாம் அங்கிள்" என்பார்கள்.

செப்டம்பரில் டாக்டர், நடக்கலாம், வேலை செய்யலாம், ஒன்றும் பயமில்லை என்று சொல்லிவிட்டார். குணசேகரன் அதை ஜெயப்பிரியாவிடம் சொன்னார்.

"டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க அங்கிள். நீங்க ரெஸ்ட் எடுங்க. பண்டிகைக்கு கேட்டரிங் ஆள் பேசிட்டோம்."

"கேட்டரிங்கா? அப்போ அண்டா?"

"அவங்களே கொண்டு வருவாங்க."

மனுஷனுக்கு நெஞ்சுவலி வந்தபோதுகூட முகம் அப்படிச் செத்துப்போகவில்லை.

அடுத்த ஞாயிறு, வாழ்க்கையில் முதல்முறையாக, சாட்சி சொல்ல எழுந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "கர்த்தர் என்னைப் பூரணமா சொஸ்தமாக்கிட்டாரு" என்றார். கோயிலே அல்லேலூயா என்று அதிர்ந்தது. ஜெயப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் வழக்கத்தைவிடப் பெரிய கேரியரில் சூப் வந்தது. சாட்சி சொன்னதில் அங்கிள் களைத்துப் போயிருப்பாராம். சுகமாக வேண்டும் என்று இரண்டு மாதமாக ஜெபித்தவர்கள், சுகமாகிவிட்டார் என்பதை மட்டும் நம்பத் தயாராக இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்த வாரம் நல்ல மழை. தெருவெல்லாம் தண்ணீர், தண்ணீரெல்லாம் கொசு. பக்கத்து வீட்டு நாகவல்லி காய்ச்சலில் விழுந்தாள். எஸ்டேட்டில் பேக்கிங் வேலை பார்க்கிறவள். புருஷன் துலுக்கானம் திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், பகலில் வீடு தங்க மாட்டான். குணசேகரன் கேரியரை மதில் வழியாக நீட்டினார்.

"இன்னா நைனா, உப்பே இல்ல?"

"ஜுரத்துக்கு நல்லது. துண்ணு."

அவளுடைய புரட்டாசி விரதத்துக்கும் அது தோதாக இருந்தது. தினம் கேரியர் மதில் தாண்டியது. நாகவல்லி கஞ்சி குடித்துத் தேறினாள். குணசேகரன் நிம்மதியாக மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டார். எங்கள் சபை இந்த வருஷம் செய்த உருப்படியான சேவை இது ஒன்றுதான், அதுவும் சபைக்குத் தெரியாமல்.

ஒருநாள் ஜெயப்பிரியா சொல்லாமல் வந்துவிட்டாள். மதில்மேல் அவள் வீட்டுக் கேரியர். குணசேகரன் தட்டில் வஞ்சிர மீன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஜெபம் பண்ணி சமைச்சது அங்கிள்."

"பக்கத்தூட்டுப் பொண்ணுக்கு ஜுரம்மா. பாத்துக்க ஆளில்ல. அதான் குடுத்தேன்."

"ஜுரமா?" ஜெயப்பிரியா நிமிர்ந்தாள். "எந்த வீடு?"

அன்று சாயங்காலமே கரங்கள் மதில் தாண்டின. குணசேகரன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க ஆளில்லை. ஞாயிறு ஆராதனையில், தேவையுள்ள ஒரு சகோதரியை அடையாளம் காட்டியவர் என்று அவரைப் பாராட்டினார்கள். ஊழியராகிவிட்டவரை இனி எப்படி நோயாளி என்பது? கேட்டரிங்கை வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். அண்டா அவர் கைக்குத் திரும்பி வந்தது.

பண்டிகையன்று தூறல். தார்ப்பாய்க்கு அடியில், தலையில் துண்டு கட்டி, குணசேகரன் ராஜா மாதிரி நின்றார். நாகவல்லியைக் காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்தப் புழுக்கத்தில் அவளுக்கு ஸ்வெட்டர் போட்டு, இரண்டு பக்கமும் இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அவள் உதறிக்கொண்டு நேரே அண்டாவிடம் வந்தாள்.

"நைனா, ஒனக்குப் புண்ணியமாப் போவும். ஜுரம் எப்பவோ போய்ட்ச்சி. வேலைக்குப் போவ உட மாட்றாங்க, வாசல்லயே வந்து குந்திக்கினு பாடறாங்க. நாளைக்கும் போவலைன்னா கம்பெனில வேற ஆள் வெச்சுருவான். நான் சொன்னா நம்பல. நீ சொல்லு, கேப்பாங்க."

பின்னாலேயே ஜெயப்பிரியா வந்தாள், கையில் கேரியர். "அங்கிள், நீங்களே சொல்லுங்க. இவங்களுக்குப் பிரியாணி குடுக்கலாமா, கஞ்சிதானா? நீங்க சொல்றதுதான்."

குழுவே அவர் வாயைப் பார்த்து நின்றது. ஆயரும் தள்ளித்தான் நின்றிருந்தார். குணசேகரன் நாகவல்லியைப் பார்த்தார். மூடி திறக்காத அண்டாவைப் பார்த்தார். நோயாளி இல்லாமல் காலியாகத் திரும்பினால் இந்தக் கரங்கள் அடுத்து எந்த வாசலுக்கு வரும் என்று அவருக்குத் தெரியாதா?

"இன்னும் கொஞ்சம் சோர்வாத்தாம்மா கீது" என்றார், நாகவல்லியின் முகத்தைப் பார்க்காமல். "கஞ்சியே குடு."

பிறகு துணியைப் பிடித்து மூடியைத் திறந்தார்.