ஒன்பது பத்துக்குத் தொடங்கிய ஆட்டம்

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்குக் கமலாவின் அழைப்பு வந்தது. அவர் கணவரும் என் நண்பருமான சுந்தரேசன் உறக்கத்திலேயே காலமாகிவிட்டார். என்னைவிட ஏழு மாதம் இளையவர். எதிலும் எனக்கு முந்திக்கொள்வது அவர் வழக்கம்.

நம் ஊர் பேர்லேண்டில் சனிக்கிழமைதோறும் எங்களோடு கோல்ஃப் ஆடிய நீங்கள் அவர் பந்தடிக்கும் அழகை அறிவீர்கள். பயிற்சியாளரிடம் இரண்டு ஆண்டுகள் கற்றும் எனக்கு வாய்க்காத வீச்சு, அவருக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டே வரும். "ரொம்ப யோசிக்காதீங்க ஓய், பந்து பயந்துடும்" என்பார். நீங்கள் சிரிப்பீர்கள். நான் சிரித்ததில்லை.

திட்டமிடுவதில் மட்டும் அவர் என்னை நெருங்க முடியாது. ஒரேகன் கடற்கரையின் லிங்க்ஸ் மைதானங்களில் ஆட வேண்டுமென்பது எங்கள் இருவரின் நெடுநாள் ஆசை. மணல்மேடுகளின் மேல் மரமே இல்லாத புல்வெளி. கடற்காற்றுதான் அங்கே எதிராளி. ஓராண்டு முன்னதாகவே இடம் பிடித்தேன். விமானம், விடுதி, காற்று வலுக்கும் நேரம், எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினேன். "ராகுகாலத்துல முதல் பந்த அடிக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார் அவர். ராகுகாலத்தில் காரைக்கூடக் கிளப்பாத மனிதர். முதல் ஆட்டம் சென்ற செப்டம்பர் எட்டு, திங்கட்கிழமை. காலண்டர்படி ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது. ஆட்டத்தை ஒன்பது பத்துக்குக் குறித்தேன்.

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி எனக்கு முழங்கால் அறுவைசிகிச்சை செய்ய நேர்ந்தது. பயணத்தை அவர் தள்ளிப்போடுவார் என்று நம்பியிருந்தேன்.

"உங்க பிளான் வேஸ்ட் ஆகலாமா ஓய்? மாப்பிள்ளைய கூட்டிண்டு போறேன்."

என் தாளுடன் போனார். கடலும் அவரும் காற்றில் படபடக்கும் சட்டையுமாக ஒரு படம் அனுப்பினார். நான் பதில் போடவில்லை. திரும்பி வந்து, "உங்க பிளான்ல ஒரு தப்பு கிடையாது" என்று ஸ்கோர் அட்டையை நீட்டினார். முதல் நாள் எண்பத்தொன்றே அடிகள். அவ்வளவு குறைந்த அடிகளில் நான் ஒருநாளும் முடித்ததில்லை. அட்டையை அப்படியே அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் கமலா அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கோ மாமா. நீங்க பாத்தது மெட்ராஸ் காலண்டர். அந்த ஊர் சூரிய உதயத்துக்கு ராகுகாலம் எட்டரைலேர்ந்து பத்து. ஏர்போர்ட் கிளம்பறதுக்கு முன்னாடியே இவர் ஃபோன்ல பாத்துட்டார். டைம் சேஞ்ச் பண்ணுங்கோன்னு கெஞ்சினேன். 'அவர் போட்ட டைம், நான் தொட மாட்டேன். நீயும் அவர்ட்ட சொல்லக் கூடாது'ன்னுட்டார். இனிமே சொல்லலாம்னு தோணித்து."

தேதியிலும் நேரத்திலும் தவறாதவன் என்று பெயரெடுத்த நான், சென்னையின் சூரியனை ஒரேகனில் உதிக்க வைத்திருக்கிறேன். இதே பிழையை அவர் செய்திருந்தால் அடுத்த சனிக்கிழமைக்குள் உங்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லியிருப்பேன். அவரோ ஐந்து மாதமும் நான்கு நாளும் வாய் திறக்கவில்லை. அவருடைய வீச்சின் மேல் எனக்கிருந்த பொறாமை என்றாவது ஆறிவிடும். இந்த மௌனத்தின் மேல் வந்திருப்பது ஆறுமென்று தோன்றவில்லை.

தாள் என் மேசையில் இருக்கிறது. ஒன்பது பத்து என்பதை நான் திருத்தவில்லை.