ஊக்கு வரும்வரை

எனக்கு அப்போது ஒன்பதாவது மாதம். மடிக்கணினியை மடியில் வைக்க வழியில்லை. கள்ளக்குறிச்சியில் மாமனாரின் மளிகைக் கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. கல்வராயன் மலையிலிருந்து வந்த புளி மூட்டைகள் பாதி அறையை அடைத்திருக்க, மீதியில் சாப்பாட்டு மேசையைப் போட்டுக்கொண்டு, எங்கோ பாலைவனத்தில் இருக்கும் எண்ணெய்க் கிணற்றுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

எண்ணெய்க் கிணறு நேராகக் கீழே போகும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நான் வேலை செய்யும் கிணறுகள் கீழே போய்ப் படுத்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் ஓடும். உள்ளே மணல் சேர்ந்துவிட்டால், பெரிய உருளையில் சுற்றி வைத்த இரும்புக் குழாயை விட்டுக் கழுவ வேண்டும். குழாய் கடைசிவரை போகுமா, வழியில் நின்றுவிடுமா என்று முன்கூட்டியே கணினியில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. அங்கே வெயிலில் நின்று அந்தக் குழாயை இறக்குவது என் கணவரின் வேலை. இரண்டு பேரும் ஒரே கம்பெனி. அங்கேதான் சந்தித்தோம், அங்கேதான் முதல் சண்டையும் போட்டோம்.

எந்த ஆழத்தில் குழாயின் எடை எவ்வளவு காட்டும் என்று நான் எழுதி அனுப்புவேன். உண்மையில் எவ்வளவு காட்டியது என்று அவர் எழுதி அனுப்புவார். ஊரில் மற்றவர்கள் புருஷனுக்குப் பூவும் முத்தமும் அனுப்புகிறார்கள். எங்களுக்கு இதுதான் வாய்த்தது.

அந்தக் கிணறு விடுப்புக்கு முன் அவருக்குக் கடைசி வேலை. இரண்டு நாளில் முடிந்தால் பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிடுவார். முடியாவிட்டால் வர முடியாது. அவருக்கு மாற்று ஆள் இல்லை. பிள்ளை பிறந்ததும் அதன் வலது காதில் அவரே தொழுகை அழைப்பான பாங்கைச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய அம்மாவின், அதாவது என் மாமியின் ஆசை. என் ஆசையும் அதுதான். நான் வெளியே சொல்லவில்லை, மாமி மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"நீதான கம்பூட்டர்ல போடுற? அவன் சீக்கிரம் வர்ற மாதிரி போட்டுடும்மா" என்பார்.

நான் சிரிப்பேன். போட முடியும் என்பது எனக்குத் தெரியும்.

ஏனென்றால் இந்தக் கணிப்பில் உராய்வு எண் என்று ஒன்று இருக்கிறது. கிணற்றுச் சுவரில் குழாய் எவ்வளவு இழுபடும் என்பதை அது சொல்லும். போன தடவை அதே கிணற்றில் பதிவான எடைகளை வைத்துத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் படுத்திருக்கும் பகுதிக்கு மட்டும் பதிவு இல்லை. எடையைப் பதிவுசெய்யும் கருவி அன்று பழுதாகியிருந்தது. அப்படி இருந்தால் வழக்கமான எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். புள்ளி இரண்டு நான்கு என்று போட்டேன். திரையில் குழாயைக் காட்டும் கோடு வழுவழுவென்று அடிவரை இறங்கியது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளை உதைத்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் காலை அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. போன தடவை அவர் கைப்பட எழுதி வைத்த நோட்டின் ஒரு பக்கம். படுத்திருக்கும் பகுதியில் நூறு மீட்டருக்கு ஓர் எடை, கிரீஸ் கறையோடு. கூட ஒரு வார்த்தை இல்லை.

அந்த எடைகளை உள்ளிட்டேன். உராய்வு எண் புள்ளி மூன்றுக்கு ஏறியது. கோடு முந்நூறு மீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினேன், அங்கேயே நின்றது. அப்படியானால் குழாயின் முனையில் அதிர்வுக் கருவி மாட்ட வேண்டும். அது வேறொரு நாட்டில் இருந்தது. வந்து சேரப் பதினைந்து நாள் ஆகும்.

எனக்குக் கோபம் பொங்கியது, கிணற்றின் மேல் அல்ல, அவர் மேல். யார் கேட்டார்கள் அந்த நோட்டை? அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். படம் வரவே இல்லை என்று இருந்துவிடலாம். வழக்கமான எண்ணைப் போட்டதற்கு யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது. ஒருவேளை குழாய் போய்ச் சேர்ந்தும் விடலாம். சேராவிட்டால், தள்ளத் தள்ள உள்ளே சுருண்டு மாட்டிக்கொள்ளும், அறுந்தும் போகலாம். அப்போது பக்கத்தில் நிற்பவர் அவர். இவ்வளவும் தெரிந்தே மதியம்வரை இரண்டு கோடுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிவரை போன கோட்டைத்தான் அதிக நேரம் பார்த்தேன்.

மாமி சீரகத் தண்ணீரோடு வந்தார். தோளில் என் உள்பாவாடையும் புது நாடாவும் கிடந்தன.

"இன்னாம்மா, மூஞ்சி இப்டி கீது?"

எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அந்த நாடாவைத் தொட்டேன். "மாமி, இத வெறுங்கையால தள்ளுனா அந்தப் பக்கம் வந்துருமா?"

"எப்டி வரும்? பாதியில சுருட்டிக்கினு நிக்கும்."

"கொஞ்சந்தான் பாக்கின்னா? பலமா தள்ளுனா?"

"இன்னும் ஜாஸ்தி சுருட்டிக்கும். அப்புறம் தையலப் பிரிச்சித்தான் எடுக்கணும். ஊக்கு மாட்டாம எவளாச்சும் நாடா கோப்பாளா? ஊக்க எடுத்தாரச் சொல்லு."

"ஊக்கு வர்றதுக்குப் பதினஞ்சு நாள் ஆவும் மாமி. அது வர்ற வரைக்கும் அவரும் வர முடியாது."

மாமி நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"ஊக்கு இல்லாம தள்ளி, உள்ள மாட்டிக்கினா? புள்ளைக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

அவர் கேட்டது தன் மகனைப் பற்றி.

"ஊக்கு வரட்டும்" என்றார். "நீ தண்ணியக் குடி."

அடுப்படிக்குப் போனவர் கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினார். நான் ஒரு பாட்டம் அழுதேன். சாயங்காலம் புள்ளி மூன்றில் கணக்கிட்ட திட்டத்தை அனுப்பினேன். அவரிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அந்த விரலை ஒடித்துப் போடலாம் போல இருந்தது.

மகள் பிறந்தாள். மாமனார்தான் பாங்கு சொன்னார். நான் கணவருக்கு அனுப்பிய முதல் செய்தி: மூன்று கிலோ நூறு. "பிளான்ல எவ்ளோ?" என்று கேட்டிருந்தார். தையல் வலியோடு சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் அதிர்வுக் கருவி வந்தது. குழாய் நிற்கும் என்று நான் சொன்ன இடத்திலேயே எடை தடுமாறியதாம். கருவி அதிர்ந்து அதிர்ந்து நகர்த்தி, அடிவரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

மகள் பிறந்த பதினோராம் நாள் உளுந்தூர்பேட்டையில் இறங்கியதும் போன் செய்தார். வீட்டுக்கு வந்து, இரண்டு தடவை கை கழுவி, அவளை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டார். ஏற்கெனவே சொல்லியாகிவிட்ட பாங்கை அவள் காதில் மெதுவாக இன்னொரு தடவை சொன்னார். வாசல்படியில் நின்ற மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த நோட்டுப் பக்கத்த எதுக்குங்க அனுப்புனீங்க? அனுப்புனா வர முடியாதுன்னு தெரியாதா?"

"தெரியும். ரெண்டு நாள் பாக்கெட்லயே வெச்சிக்கினு சுத்துனேன். கணக்கு போடுறது நீ. உன்கிட்ட எப்டி எடைய மறைக்கிறது?"

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் நிற்கவில்லை. "நான் அத பாக்காத மாதிரி இருந்துடலாம்னு நெனச்சேங்க. ரொம்ப நேரம்."

"அதுவும் தெரியும்" என்றார், மகளிடமிருந்து கண்ணை எடுக்காமல். "நீ படத்த பாத்துட்டன்னு காலைலயே போன்ல நீல டிக் வந்திடுச்சி. திட்டம் சாயங்காலம்தான் வந்திச்சி. அவ்ளோ நேரம் உனக்கு ஆவாதே."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேக்கல. நீ மறைச்சிடுவியோன்னும் பயமா இருந்திச்சி, மறைக்காம வுட்டுடுவியோன்னும் பயமா இருந்திச்சி. போனையே கையில வெச்சிக்கினு உக்காந்திருந்தேன்."