பச்சை கேட்டும் ஒரு தேர்தலும்

மின்னஞ்சல் வந்தபோது காலை பத்தேகால். கணவர் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார், மகள் பள்ளிக்கூடத்தில். ஆங்கிலத்தில் இரண்டே வரி. தேர்தலிலிருந்து விலகிக்கொள். பத்து மணிக்கு மேல் அந்தப் பச்சை கேட்டுக்குள் நீ தனியாகத்தானே இருக்கிறாய்?

புதுப்பட்டினத்தில் எங்கள் வீட்டு கேட் பச்சைதான்.

எழுந்துபோய் அதைப் பூட்டினேன். பிறகு பின்கதவு. பிறகு ஜன்னல்கள். மின்விசிறியையும் நிறுத்தினேன், வெளியே சத்தம் கேட்க வேண்டுமே என்று. தெருவில் போன ஒவ்வொரு பைக்கும் எங்கள் வாசலில் வேகம் குறைப்பதுபோல் இருந்தது.

பஞ்சாயத்துத் தேர்தல் இல்லை இது. பார்வையில்லாதவர்களுக்குக் கணினித் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதுகிறோம். அதன் தமிழ்க் குரலை ஆறு வருடமாக நான் கவனித்துவந்தேன். குழுவின் தலைவர் உடல்நிலை காரணமாக விலகினார். அடுத்த தலைவரை உறுப்பினர்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர் ஒருவர் நின்றார். சிலர் வற்புறுத்தியதால் நானும் நின்றேன். பயனர்கள் என்ன வாசிக்கிறார்கள் என்ற விவரத்தை எந்த நிறுவனத்துக்கும் கொடுக்கக் கூடாது என்று என் அறிக்கையில் எழுதியிருந்தேன். அது யாருக்கோ பிடிக்கவில்லை போலிருக்கிறது.

மாலையில் கணவரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"எவனுக்கோ வூடு தெரிஞ்சிகீது. வுட்டுடு. உனுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

"விலகிட்டா மட்டும் வூடு மறந்துடுமா அவனுக்கு?"

அவர் இன்னொரு முறை படித்தார். மறுநாள் லீவு போட்டுவிட்டு என்னை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே இருந்த பெண் போலீஸுக்கு என் வயதுதான் இருக்கும். மனுவைப் பாதி படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எந்த எலெக்சன்மா? வார்டா?"

"இல்ல மேடம். சாஃப்ட்வேர்."

"சாஃப்ட்வேருக்கு இன்னா எலெக்சன்? ஜெயிச்சா சம்பளம் குடுப்பாங்களா?"

"இல்ல மேடம். சும்மாதான் செய்றோம்."

"சும்மா செய்ற வேலைக்கா மிரட்டுறான்?" என்றவர் சிரிக்கவில்லை. "உன் வூட்டு போட்டோ எங்கனா போட்டியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. வேட்பாளர் இணையப் பக்கத்துக்காக மகள் எடுத்த படம். நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், பின்னால் பச்சை கேட், அதற்கு மேல் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியில் எழுதிய ஊர்ப்பெயர். குரல் பதிவைப் பற்றி இணையத்தில் நடந்த பொது உரையாடலில், பத்து மணிக்கு மேல் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள், அப்போது பதிவு செய்கிறேன் என்று நானே எழுதியிருந்தேன். யாரும் எங்களை ஒளிந்திருந்து பார்க்கவில்லை. எல்லாவற்றையும் நானே அள்ளிக் கொடுத்திருக்கிறேன். அது தெரிந்த பிறகும் பயம் போகவில்லை. படத்தை எடுத்துவிடலாம், பார்த்தவன் கண்ணிலிருந்து எடுக்க முடியாதே.

ஓட்டுப்பதிவு இரண்டு வாரம். மிரட்டல் மின்னஞ்சலை மென்பொருள் குழுவுக்கு அனுப்பினேன். எதிர் வேட்பாளர் உடனே எனக்குத் தனியாக எழுதினார்: இதை எழுதியவர் என் ஆதரவாளர் எவராக இருந்தாலும் அவருடைய ஓட்டு எனக்கு வேண்டாம், நீங்கள் விலகினால் நானும் விலகுகிறேன். அவரை நம்பலாமா என்றுகூட எனக்கு அன்று தெரியவில்லை. முகம் பார்க்காத மனிதர்கள் எல்லோருமே ஒரே மாதிரி இருந்தார்கள்.

புகார் கொடுத்த மூன்றாம் நாள் காலை யாரோ கேட்டை ஆட்டினார்கள். சமையலறை மேடைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன். கையில் தோசைக்கரண்டி. மறுபடி ஆட்டும் சத்தம். கணவருக்கு போன் செய்யலாம் என்றால் போன் ஹாலில்.

"யம்மா, உள்ள கீறியா? ஸ்டேஷன்லேர்ந்து வந்துகிறேன்!"

அந்தப் பெண் போலீஸ். ரவுண்ட்ஸ் போகிற வழியில் எட்டிப்பார்க்க வந்தாராம். என் கையைப் பார்த்தார். "இத்த வச்சிகினு இன்னா பண்ணுவ நீ?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். நான் அழுதேன். அழுது முடிக்கும்வரை இருந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் இரண்டு முறை வந்தார்.

முடிவு வெளியானபோது நான் மீன் மார்க்கெட்டில் நின்றிருந்தேன். போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. திறக்கப் பயந்து, சங்கரா மீனைச் சுத்தம்செய்து வாங்கும்வரை பையிலேயே விட்டுவைத்தேன். ஓரத்துக்கு வந்து பார்த்தேன். கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தேன். தோற்றவருடைய வாழ்த்துதான் முதலில் இருந்தது.

மகிழ்ச்சி வரவில்லை. மிரட்டியவன் இதையும் படித்திருப்பான் என்றுதான் முதலில் தோன்றியது. அவன் யாரென்று இன்றுவரை தெரியாது. மறுபடி எழுதவும் இல்லை.

வீட்டுக்குப் போய் மீனை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தேன். செங்கல்பட்டிலிருந்து பார்வையில்லாத ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார்: புதிய பதிப்பு ரயில் நேரங்களைத் தப்பாக வாசிக்கிறது, வண்டியை விட்டுவிட்டேன், சீக்கிரம் பாருங்கள். பார்க்க ஆரம்பித்தேன்.