பத்துக்கு ஏழு

எங்கள் பக்கத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்பே, தமிழ்த் தாளுக்குப் பத்து மார்க் டீச்சர் கையில் இருக்கும். நோட்டையும் புராஜெக்டையும் பார்த்துப் போட வேண்டிய மார்க். பார்த்தா போடுகிறோம்? கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் பத்து. பாறசாலையிலும் அப்படித்தான், நெய்யாற்றின்கரையிலும் அப்படித்தான். நானும் தமிழ் டீச்சராக வந்த நாள் முதல் பத்துதான் போட்டிருக்கிறேன், ஒருத்தியைத் தவிர.

வகுப்பிலேயே நன்றாக எழுதுகிறவள் அவள். காஞ்சிரங்குளத்தில் மீன் விற்கிற பெண்களிடம் பேசி ஒரு கட்டுரை எழுதி வரச் சொன்னேன். முதலில் எங்கிருந்தோ பார்த்து எழுதிக் கொண்டுவந்தாள், திருப்பிக் கொடுத்தேன். அடுத்த தடவை நேரில் போயிருந்தாள், ஆனால் அவசரமாகக் கிறுக்கியிருந்தாள். இன்னொரு தடவை எழுது என்றதும், "இது போதும் டீச்சர், எல்லாருக்கும் பத்துதானே போடுவீங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்று வந்தது கோபம். ஏழு போட்டேன். போனைப் பார்த்து வரிக்கு வரி எழுதிய மற்றவர்களுக்கெல்லாம் அதே பேனாவால் பத்து!

ரிசல்ட் வந்தது. மற்ற எல்லாவற்றிலும் அவளுக்கு ஏ பிளஸ், தமிழில் மட்டும் அந்த மூன்று மார்க்கால் ஏ. பள்ளி வாசலில் கட்டிய பேனரில் முழு ஏ பிளஸ் வாங்கியவர்களின் படங்கள் இருந்தன, அவளுடையது இல்லை. அது போகட்டும். பக்கத்துப் பள்ளியில் பிளஸ் ஒன் சயன்ஸ் இடம் கிடைக்காமல், இரண்டு பஸ் மாறிக் காட்டாக்கடைக்குப் போகவேண்டியதாயிற்று.

அவளுடைய அம்மா ஸ்டாஃப் ரூமுக்கே வந்துவிட்டாள்.

"எல்லா டீச்சர்மாரும் பத்து போடுதாவ. எனக்க மோளு மேல மட்டும் உங்களுக்கு என்ன விரோதம்?"

"விரோதமா? அவ நல்லா எழுதுவா. அதுனாலயாக்கும் குறைச்சது."

"நல்லா எழுதுனா மார்க்கு குறையுமா? இது எந்த ஊரு நியாயம் டீச்சரே?"

எந்த ஊர் நியாயம்? எனக்கே தெரியவில்லை. இவளால் முடியும் என்று நம்பியதால் ஏழு, மற்றவர்களிடம் எதையும் எதிர்பார்க்காததால் பத்து. இதை யாரிடம் சொன்னாலும் எனக்குக் கிறுக்கு என்பார்கள். சில நாள் நான் செய்தது சரி என்று தோன்றும். பஸ் ஸ்டாப்பில் பையைத் தூக்கிக்கொண்டு அவள் நிற்பதைப் பார்த்தால் நான் பாவி என்று தோன்றும். அடுத்த வருடம் பேசாமல் எல்லோருக்கும் பத்து போட்டேன். அதிலும் நிம்மதி இல்லை.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபோது அவள் என் வீட்டு வாசலில் நின்றாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். கையில் அவள் எழுதிய கதை, முப்பது பக்கம் இருக்கும். கல்லூரிப் போட்டிக்கு அனுப்பவேண்டுமாம்.

"எல்லாருக்கும் காட்டியாச்சு டீச்சர். சூப்பர் சூப்பர்னு சொல்லுதாவ. ஒருத்தரும் முழுசா வாசிக்கல்ல. நீங்க வாசிப்பீங்க."

தாள்களைக் கையில் வாங்கிக்கொண்டேன். சந்தோஷமா, குற்ற உணர்ச்சியா, எதென்று பிரிக்க முடியவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"எம்மேல கோவம் இல்லியா மக்கா?"

"உண்டு டீச்சர். இப்பவும் உண்டு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பேனா எடுங்க."