அக்காவுக்கு என்று சொல்லாத ரத்தம்

கலோலைனை எங்கள் தீவில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. ஹாபாய் ஆஸ்பத்திரியில் அவள் மூத்த நர்ஸ், நான் வண்டி ஓட்டுகிறவன். பக்கத்தில் உட்கார்ந்தால் இறங்கும்வரை எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும் கர்ப்பிணிகளை வாசலிலேயே மடக்கிக் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பாள். உள்ளே சிவப்பு இல்லாமல் வெளுத்திருந்தால் தொலைந்தது.

"இரும்புச்சத்து மாத்திரையை எதோட முழுங்கின?"

"டீயோட, நர்ஸம்மா."

"டீயோட முழுங்கினா உடம்புல எங்கடி ஒட்டும்? எலுமிச்சைத் தண்ணியில முழுங்குன்னு எத்தனை தடவை கத்துறது!"

மலம் கறுப்பாகப் போகிறதே என்று பயந்து மாத்திரையைக் கோழிக்குப் போட்டவர்களும் இருந்தார்கள். "உன் கோழிக்கு ரத்தம் நல்லாருக்கு. பிரசவத்துக்கு அதையே அனுப்பு" என்பாள் அவர்களிடம்.

எங்கள் ஜனங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவர் செத்தால் போதும், சாவு வீட்டுச் சீராகப் பாயும் பன்றியும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். அதே ஆள் உயிரோடு படுத்திருக்கையில் ஒரு பை ரத்தம் கேளுங்கள், ஊரே தன் கால் விரலைப் பார்க்கும்.

லவினியாவின் மகள் இலைசானே கர்ப்பமாக இருந்தபோது நாளுக்கு நாள் வெளுத்தாள். "பொண்ணு நல்ல நிறமா வர்றா, ராஜ வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தாள் தாய்க்காரி. கலோலைன் அந்த வீட்டுக்கே போய்க் கத்திவிட்டு வந்தாள். பொறாமை என்றார்கள்.

வெள்ளிக்கிழமை பிரசவம். குழந்தை நன்றாக இருந்தது. தாய்க்கு ரத்தம் கொட்டிவிட்டது. ஒருவழியாக நிறுத்தினார்கள். ஆனால் உடம்பில் மிச்சம் இருந்தது உயிரைப் பிடித்துவைக்கப் போதவில்லை. சனிக்கிழமை காலையில் அவளால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை, மூச்சு வாங்கியது. இன்றைக்கே ரத்தம் ஏற்றாவிட்டால் கஷ்டம் என்றார் டாக்டர். காற்று பலமாக இருந்ததால் தலைநகரிலிருந்து ரத்தம் கொண்டுவர விமானம் இல்லை. மறுநாள் ஞாயிறு; அன்றைக்கு எங்கள் நாட்டில் பறவையைத் தவிர எதுவும் பறக்காது.

அவளுக்குச் சேருகிற ரத்தம் தம்பி பௌலியாசியிடம் இருந்தது. போன வருடம் ரக்பி கூட்டாளிக்குக் கொடுத்தவன், அதனால் தெரியும். அக்கா என்றால் எங்கள் ஊரில் தம்பிக்குச் சாமி மாதிரி. கேட்டால் கையையே வெட்டிக் கொடுப்பான். ஆனால் யார் கேட்பது? அக்காவும் தம்பியும் ஒரே அறையில் உட்கார மாட்டார்கள். அவள் உடம்பைப் பற்றி ஒரு சொல் அவன் காதில் விழக்கூடாது. நானும் என் தங்கையும் அப்படித்தான் வளர்ந்தோம், அதில் குறை சொல்லவில்லை. மரியாதை இருக்கிறது என்பதற்காக மூளையைக் கழற்றி வைக்க வேண்டுமா?

கேட்கும் பொறுப்பைத் தாய்மாமன் ஃபெலெதி எடுத்துக்கொண்டார். பிரசங்கம் செய்கிறவர், நாக்கில் தேன் தடவிப் பேசுவார். போனார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தார்.

"பேசியாச்சு. மேட்ச் முடிஞ்சதும் வந்துருவான்."

"மேட்சா?" என்றாள் கலோலைன். "யாருக்கு ரத்தம்னு சொன்னீங்க?"

"தூரத்துச் சொந்தம், ஒரு கிழவருக்குன்னேன். நாசூக்கா."

"நாசூக்கு! ஆட்டம் முடிச்சு, குளிச்சு, நாலு பேரோட உட்கார்ந்து கிறங்குற வரைக்கும் கவா குடிச்சிட்டு வருவான் உங்க மருமகன். அதுவரைக்கும் இவ காத்துக்கிட்டு இருப்பாளா?"

"வேற எப்படிம்மா சொல்றது? பையன் முகத்தைப் பார்த்து அக்கா சமாச்சாரத்தைச் சொல்ல முடியுமா?" என்று லவினியா அழுதாள். பெற்ற மகள் சாகக் கிடக்கிறாள், இவளுக்கு மானம் பெரிதாக இருந்தது. எனக்கு அவள் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

கலோலைன் சின்ன நர்ஸிடம் திரும்பினாள். "தலைப்பக்கம் உயரமாவே இருக்கட்டும். கம்பளியை எடுக்காத, அவளுக்குக் குளிரும். கக்கூஸுக்குன்னாகூட எழுப்பாத, மயங்கி விழுவா." பிறகு என்னிடம், "வண்டியை எடுடா சேமிசி" என்றாள்.

மைதானத்தில் ஆட்டம் தொடங்கியிருந்தது. வெள்ளை உடுப்போடு நேரே நடுவில் போய் நின்றாள். நடுவர் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். இரண்டு அணியும் நின்றுவிட்டன.

"பௌலியாசி, கிழவன்னு யாரும் கிடையாது. உங்க அக்கா கிடக்கிறா. பிள்ளை பெத்ததுல ரத்தம் போயிருச்சு, உன் ரத்தம் ஏறலைன்னா செத்துருவா. வர்றியா?"

அத்தனை ஆம்பிளைகளும் தலையைக் குனிந்தார்கள். தம்பி முன்னால் அக்காவின் பிரசவ ரத்தத்தைப் பற்றி, அதுவும் மைதானத்தில்! நானே வண்டிக்குள் குறுகிப் போனேன். பௌலியாசி யாரையும் பார்க்கவில்லை. சேற்றுப் பூட்ஸோடு ஓடிவந்து வண்டியில் ஏறினான்.

சுவருக்கு இந்தப் பக்கம் அவன் படுத்துக் கொடுத்தான். ரத்தத்தைச் சோதித்துச் சரிபார்த்து, அந்தப் பக்கம் அக்காவுக்கு ஏற்றினார்கள். கலோலைன் அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். "நடுக்கம் வருதா? அரிக்குதா? முதுகு வலிக்குதா? எதுவானாலும் உடனே சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பை காலியாகும்வரை நாற்காலியை விட்டு நகரவில்லை. சாயங்காலம் இலைசானே குழந்தையைக் கேட்டாள், மூச்சு வாங்காமல்.

மறுநாள் ஆராதனையில் ஃபெலெதி எழுந்து நீளமாக ஜெபம் செய்தார். டாக்டருக்கு நன்றி, நின்றுபோன காற்றுக்கு நன்றி, பெயர் சொல்லாத ஒரு நல்ல உள்ளத்துக்கு நன்றி. கலோலைனுக்கு மட்டும் இல்லை. வெளியே வந்ததும் லவினியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியவர்கள் கூடி நின்று, நர்ஸ் அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்பதுதான் முறை என்று பேசிக்கொண்டார்கள்.

பௌலியாசி அவர்களைத் தாண்டிக் கலோலைன் முன்னால் வந்து நின்றான். அவள் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை, மண்ணைப் பார்த்துத்தான் பேசினான். ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினான்.

"அக்காவுக்கு மறுபடி ஏதாவது வேணும்னா வீட்டுல சொல்லி அனுப்பாதீங்க. மைதானத்துக்கே வாங்க. அங்கதான் எங்கிட்ட உண்மையைச் சொன்னீங்க."